கம்புக்காரி

வளர்மதியின் கம்புக்காரி அன்று காலையும் ஏமாந்துபோனாள்.

கடை ஷட்டரைப் பாதி தூக்கிய நிலையிலேயே அர்த்தநாரி கைபேசியில் அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டார். மீதி ஷட்டரைத் தூக்க மனம் வரவில்லை. குனிந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

திருச்செங்கோட்டில் சங்ககிரி ரோட்டின் மேல் அவருக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. அதற்கு முன்னால் பாதி வாழ்க்கை போர்வெல் ரிக்கில் கம்ப்ரசர் பார்த்தவர். அந்த இரைச்சல் வலது காதைத் தின்றுவிட்டது. இப்போது போனில் யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார். ரிக்கோடு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் ஆட்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் இணையக் குழுவுக்கு அவர்தான் நிர்வாகி. யாருக்கு எந்த லிங்க் தடுக்கப்பட்டது என்ற சுருக்கம் தினமும் காலையில் அவருக்கு வரும். நாலைந்து பெயர்களுக்கு எதிரே சிவப்பு இருக்கும்; நாளுக்கு நாள் பெயர்கள் மாறும். வளர்மதியின் பெயர் மட்டும் இரண்டு மாதமாக மாறவில்லை.

கம்புக்காரன் என்பது ரிக்கில் ஒரு வேலை. துளையிடும் கோபுரத்தைப் படுக்கவைத்துக்கொண்டு லாரி ஊர்ச் சந்துகளுக்குள் நுழையும்போது, தாழத் தொங்கும் மின்கம்பிகள் தட்டும். ஒருவன் காய்ந்த மூங்கில் கம்போடு முன்னால் நடந்து, கம்பியைத் தூக்கிப் பிடித்து, அடியில் லாரியை விடுவான். ஏதாவது ஆகும் என்றால் முதலில் அவனுக்குத்தான் ஆகும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற கம்புக்காரனுக்கு நிறுவனம் வைத்த பெயர் வேறு. குழுவில் யாரும் அதைச் சொல்வதில்லை.

அது வந்ததற்குக் காரணம் ஒரு பழக்கம். ரிக்கில் போனவர்கள் வீட்டுக்குச் சௌக்கியம் விசாரித்து எழுதுவதில்லை. அன்றைக்குத் துளை எத்தனை அடி இறங்கியது என்று மட்டும் சாயங்காலம் குழுவில் போடுவார்கள். அடி வந்துவிட்டால் ஆள் நன்றாக இருக்கிறான், சாப்பிட்டான், வண்டி ஓடுகிறது என்று வீட்டில் புரிந்துகொள்வார்கள். வேறு எதுவும் கேட்கமாட்டார்கள். அடி வராத சாயங்காலம் வீட்டில் சோறு இறங்காது.

மூன்று வருடங்களுக்கு முன் சத்தீஸ்கர் பக்கம் பெருமழையில் ஒரு ரிக்கிலிருந்து சில நாட்கள் அடி வரவில்லை. குழுவே வாயடைத்துக் கிடந்தபோது அந்த ரிக்கின் பெயரோடு ஒரு பதிவு வந்தது. இன்றைக்கு இத்தனை அடி என்று எண். கீழே வீடியோ பார்க்க ஒரு லிங்க். வேறு எந்த ஊரிலும் அந்த எண்ணைப் பார்த்து யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் தொட்டார்கள். அர்த்தநாரியும் தொட்டார். மறுநாள் வங்கிக் கணக்குகள் துடைக்கப்பட்டிருந்தன. அதைக்கூட ஊர் மறந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததைத்தான் மறக்கவில்லை. திருடர்கள் குழுவுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஆட்களின் பெயரில் அடி போட ஆரம்பித்தார்கள். எது புருஷன் எழுதியது, எது திருடன் எழுதியது என்று தெரியாமல் பெண்கள் கைபேசியைக் கையில் எடுக்கவே பயந்தார்கள்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து ரெஜினா வந்தாள். பாதுகாப்பு மென்பொருள் செய்யும் நிறுவனத்தில் பொறியாளர். கல்யாண மண்டபத்தில் எல்லோரையும் உட்காரவைத்து விளக்கினாள்.

"லிங்க்கைச் சோதிச்சுப் பிரயோஜனம் இல்லைங்க. நாங்க ஒண்ணைக் கண்டுபிடிச்சா திருடன் அடுத்த வாரமே வேற மாதிரி செஞ்சுடறான். அதனால நாங்க ஆளைச் செய்யறோம். உங்க கம்ப்யூட்டருக்குள்ள, பூட்டின ஓர் அறையில, உங்களை மாதிரியே ஓர் ஆள். நீங்க பயப்படறதுக்குப் பயப்படும். நீங்க ஆசைப்படறதுக்கு ஆசைப்படும். தினமும் உங்களைப் பார்த்துக் கத்துக்கும். எந்த லிங்க் வந்தாலும் முதல்ல அதுதான் உள்ள போகும். ஏமாந்து எதையாவது கொடுத்துட்டா நாங்க கதவைச் சாத்திடுவோம். நீங்க தப்பிச்சீங்க."

அது கொடுக்கும் எண்களும் முகமும் நிறுவனம் தயாரிக்கும் போலிகள், வாங்குகிறவனுக்கு நிஜம் போலவே தெரியும், கொஞ்ச நேரத்தில் செல்லாமல் போய்விடும் என்றும் சொன்னாள்.

"நம்ம கம்புக்காரன்னு சொல்லுங்" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார். பெயர் அங்கேயே நிலைத்துவிட்டது.

"எங்கூட்டம்மாவோட கம்புக்காரி நகைக்கடை லிங்க்குல போனா திரும்பியே வரமாட்டாளுங்களே" என்றார் இன்னொருவர். மண்டபம் சிரித்தது. அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

கம்புக்காரர்கள் வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். குழுவில் அதற்குப் பிறகு ஒரு வீடும் பறிபோகவில்லை. ஆனால் தன்னைப் போலவே ஒருவன் தனக்கு முன்னால் போய் ஏமாறுகிறான் என்பது தெரிந்ததும், அவன் எதற்கு ஏமாறுகிறான் என்று மற்றவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளையின் கம்புக்காரன் எந்த மாதிரி லிங்க்கில் விழுகிறான் என்று பெண் வீட்டார் அர்த்தநாரியிடம் தூது விட்டார்கள். ரிக் முதலாளி ஒருவர், வேறு வேலைக்கான விளம்பரங்களில் துளை போடும் எந்தெந்த டிரில்லரின் கம்புக்காரன் மாட்டினான் என்று சொன்னால் போதும் என்று கடையில் வந்து நின்றார். அர்த்தநாரி அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார். அதோடு ஒரு விதியும் எழுதினார். குழுவில் எல்லோர் வீட்டுக் கம்ப்யூட்டரும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால், கம்புக்காரனை நிறுத்திவைத்துவிட்டு எவரும் எந்த லிங்க்கையும் திறக்கக்கூடாது. ஒருவர் திறந்தால் எல்லோர் வீட்டுக் கதவும் திறந்த மாதிரி.

அந்த விதியைத் தளர்த்தும்படி யாராவது வந்து கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்த்ததுண்டு. அது வளர்மதியாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

அவள் புருஷன் சென்னியப்பன் நல்ல டிரில்லர். மொசாம்பிக்கில் ஒரு கம்பெனி ரிக்கில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் அங்கே புயல் அடித்த அன்று ரிக்கும் துணை லாரியும் ஆற்றைக் கடக்கும்போது வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இரண்டு பேர் கிடைத்தார்கள், உயிரில்லாமல். சென்னியப்பன் கிடைக்கவில்லை. செய்தி எல்லாப் பத்திரிகையிலும் அவன் படத்தோடு வந்ததால், அடுத்த நாளிலிருந்தே வளர்மதிக்கு லிங்க்குகள் வர ஆரம்பித்தன. அவன் ஒரு மீனவக் குடிசையில் இருக்கிறான், அகதி முகாமில் இருக்கிறான், நினைவு தவறிக் கிடக்கிறான், இந்த வீடியோவில் பேசுவது அவன்தானா பாருங்கள். செய்தித்தாள் படத்தை வைத்து அவனை நடக்கவும் சிரிக்கவும் வைத்திருந்தார்கள். வளர்மதியின் கம்புக்காரி ஒவ்வொன்றிலும் நுழைந்து, கேட்டதையெல்லாம் கொடுத்தாள். ஒவ்வொரு கதவும் வளர்மதியின் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டது. அவற்றில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

அன்று காலை அர்த்தநாரி இன்னும் டீ சொல்லியிருக்கவில்லை. பாதி ஷட்டருக்கு அடியில் முதலில் ஒரு துணிப்பை உள்ளே வந்தது, பிறகு வளர்மதி வந்தாள். நூல்மில்லில் கணக்கு எழுதுகிறவள். மில் சீருடையில்தான் இருந்தாள். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்ண்ணா, நேத்துக் குழுவுல ஆஸ்பத்திரி லிங்க் ஒண்ணு வந்துச்சாமா. நம்ம குழுப் பாப்பாத்தியக்கா சொன்னாங்க. எனக்கு வரலீங்."

"வந்துச்சு கண்ணு. உன்ற கம்புக்காரி உள்ள போயி எல்லாத்தையும் கொடுத்துட்டா. அதான் சாத்தீருச்சு. இன்னைக்குக் காலையில மறுபடி போட்டிருந்தாங்க, அதுலயும் அப்படித்தான்."

"மத்தவியளுக்கு மட்டும் தொறந்துச்சுங்களா?"

"அவிய கம்புக்காரிக ஒண்ணும் கொடுக்கல. எட்டிப் பாத்துட்டு வந்துட்டாளுக. அங்க தேடறதுக்கு அவியளுக்கு யாரும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது எப்படி விழுந்திருக்கும் என்று அவருக்கு உறைத்தது.

வளர்மதி கோபப்படவில்லை. "தேடறவளுக்கு மட்டும் சாத்தும்" என்றாள், கணக்கைச் சரிபார்த்துக்கொள்கிற குரலில்.

அர்த்தநாரி அந்தப் பக்கத்தை முந்தின நாளே திறந்து பார்த்திருந்தார். மொசாம்பிக்கின் கடலோர ஊர் ஒன்றில் பாதிரிமார் நடத்தும் ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தது. புயலில் வந்து சேர்ந்து பெயர் தெரியாமல் இருப்பவர்களின் படங்கள், மங்கலாக்கப்பட்டு இரண்டு வரிசையில் இருந்தன. உறவினர் மட்டுமே தெளிவாகப் பார்க்க முடியும். அதற்கு முகமும் அடையாள எண்ணும் காட்ட வேண்டும். இந்த வாரக் கடைசிக்குள் யாரும் தேடி வராத உடல்களை ஆஸ்பத்திரியே அடக்கம் செய்துவிடும். போர்த்துக்கீசிய எழுத்தை அவர் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார். மேல் வரிசையில் இருந்தவர்கள் வார்டில் படுத்திருப்பவர்கள். கீழ் வரிசைக்கு மேலே எழுதியிருந்ததை அவர் பாப்பாத்தியிடம்கூடச் சொல்லவில்லை.

நிஜ ஆஸ்பத்திரி அப்படித்தான் கேட்கும். திருடனும் அப்படித்தான் கேட்பான். எது என்று அவருக்குத் தெரியவில்லை.

கம்புக்காரியை நிறுத்திவிட்டு அந்தப் பக்கத்தைத் தானே பார்க்க வேண்டும் என்றாள் வளர்மதி. கம்ப்யூட்டரைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று அவர் விளக்கினார். கடையின் மூலையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைத் துடைத்து, புது சிம் போட்டு, குழுவோடு தொடர்பே இல்லாமல் திறக்கலாம். நச்சு மென்பொருள் ஏதாவது வந்தால் அந்தப் பெட்டியோடு செத்துப்போகும். ஆனால் முகத்தையும் எண்ணையும் நிஜமாகக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. அதை வைத்து அவள் பெயரில் குழுவுக்குள் ஒருவன் நுழைந்து உட்காரலாம், போன தடவை மாதிரி. அவளை நம்பி எத்தனையோ வீடுகள் கதவைத் திறக்கும்.

வளர்மதி முழுவதையும் கேட்டாள். பிறகு, தன் புருஷன் அங்கே இருந்து, இந்த வாரம் யாரும் வரவில்லை என்று ஆகிவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டாள்.

 அர்த்தநாரி ரெஜினாவை அழைத்து, போனை மேசைமேல் வைத்தார். வளர்மதியும் பக்கத்தில் இருக்கிறாள் என்று முதலிலேயே சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லும்மா. இந்த லிங்க் பொய்யின்னு உங்களுக்குத் தெரிஞ்சு சாத்துனீங்களா?"

"இல்லை சார். நாங்க லிங்க்கைப் பார்க்கறதே இல்லை. ஆளைத்தான் பார்க்கறோம். அந்த ஆள் எவ்வளவு கொடுக்கத் துணியறாங்களோ, அவ்வளவுக்கு அது ஆபத்து."

"அப்ப சென்னியப்பனே உசுரோட இருந்து, அவனே ஒரு லிங்க் போட்டிருந்தா?"

 ஸ்பீக்கரில் அவள் அலுவலகத்தின் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"சாத்தியிருக்கும் சார். முதல்ல அதைத்தான் சாத்தியிருக்கும்."

வளர்மதி லேப்டாப்பின் மூடியில் படிந்திருந்த பஞ்சை விரலால் உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். மில்லில் வேலை செய்கிறவர்களின் பொருள்களில் எல்லாம் அந்தப் பஞ்சு இருக்கும்.

ரெஜினாதான் மறுபடி ஆரம்பித்தாள். வழக்கமாகக் கம்புக்காரி உள்ளே என்ன செய்தாள் என்பதை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை, அன்றே அழித்துவிடுவார்கள். ஆனால் வளர்மதி அக்கா கேட்டால் அது அவருடைய உரிமை. இன்று காலையில் நடந்தது இன்னும் அழிக்கப்படவில்லை.

"பாருங்" என்றாள் வளர்மதி.

ரெஜினா பார்த்தாள்.  வெளியே ரிக் லாரி ஒன்று போனபோது கடையின் கண்ணாடி அதிர்ந்தது.

"அவ போட்டோ பக்கம் வரைக்கும் போயிருக்கா அக்கா. உங்க போலி முகத்தை அவங்க ஏத்துக்கிட்டு, படங்களைத் தெளிவாக் காட்டியிருக்காங்க. என்கிட்ட படம் இல்லை, அவ செஞ்சது மட்டும்தான் இருக்கு. ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் இவர் உங்க ஆளான்னு கேட்டிருக்கு." அவள் குரல் இளகியது. "எல்லாத்துக்கும் இல்லைன்னு சொல்லியிருக்கா."

அர்த்தநாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.  கீழ் வரிசையும் இல்லை, எதுவும் இல்லை. பழைய பெட்டியைத் துடைக்க வேண்டாம், விதியை உடைக்க வேண்டாம். "அவன் அங்க இல்ல கண்ணு" என்றார். "தேடலாம். வேற எங்கயாவது இருப்பான். இரு, டீ சொல்றேன்."

"ஆச்சரியமா இருக்கு சார்" என்று ரெஜினா தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். "அழிக்கறதுக்கு முன்னாடி தினமும் பார்ப்பேன், இவ இதுவரைக்கும் எந்தப் படத்துக்கும் இல்லைன்னு சொன்னதே கிடையாது. போன வாரம் தாடி வச்ச கிழவர்னு கீழே எழுதியிருந்த படத்துக்குக்கூட ஆமான்னு சொன்னா."

அர்த்தநாரி எழுந்தவர் நின்றார்.

வளர்மதி பஞ்சை உருட்டுவதை விட்டிருந்தாள். போனைப் பார்த்து, மில்லில் கணக்குக் கேட்கும்போது பேசுவது போலவே, நிதானமாகக் கேட்டாள்.

"எந்தப் படத்துல நெம்ப நேரம் நின்னா?"

 மறுபக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றுவிட்டது.

"சொல்லுங் கண்ணு. பரவால்ல."

"கீழ் வரிசையில" என்றாள் ரெஜினா. "ரெண்டாவது. மத்ததையெல்லாம் வேகமா தாண்டியிருக்கா. அதுகிட்ட மட்டும் நின்னிருக்கா. வெளிய போயிட்டு மறுபடியும் வந்து பார்த்திருக்கா. அப்புறம்தான் இல்லைன்னு அழுத்தியிருக்கா."

அர்த்தநாரி உட்கார்ந்தார். ஏமாற்ற வருகிறவன் அவளுக்கு வேண்டியதைத்தான் காட்டுவான். இரண்டு மாதமாக வந்ததெல்லாம் உயிரோடிருக்கும் சென்னியப்பன்கள். கம்புக்காரி அத்தனைக்கும் ஆமாம் சொன்னாள். அவளுக்கு வேண்டாததை ஒருவரும் காட்டவில்லை, இந்த ஆஸ்பத்திரியைத் தவிர.

"நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பனுங்" என்றாள் வளர்மதி. யாரைச் சமாதானப்படுத்துகிறாள் என்று தெரியவில்லை. பிறகு லேப்டாப்பைப் பைக்குள் வைத்துவிட்டு, "என்னையக் குழுவுல இருந்து எடுத்துருங்ண்ணா. அப்புறம் அந்தப் பழைய பெட்டியப் போடுங்" என்றாள்.

அதற்கு அவசியமில்லை என்று அவர் சொல்ல வாயெடுத்தார். அவசியம் இருந்தது. அவர் எழுதிய விதிதான். நிர்வாகி பக்கத்தைத் திறந்து அவள் பெயரைத் தொட்டார். வளர்மதி நீக்கப்பட்டார் என்று குழுவில் ஒரு வரி விழுந்தது. பாப்பாத்தி உடனே ஒரு கேள்விக்குறி போட்டாள். 

பழைய பெட்டியை மேசைக்குத் தூக்கி, துடைத்து, புது இணைப்பு கொடுக்க நேரமானது. வளர்மதி உதவி செய்தாள். ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.  பக்கம் திறந்ததும் அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். தன் நிஜ எண்ணைத் தானே அடித்தாள். அர்த்தநாரி எழுந்து போய் ஷட்டருக்குக் கீழே தெரிந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பள்ளி வேன் போனது. ஒருவர் சைக்கிளில் வாழைத்தார் கொண்டுபோனார்.

சுட்டியை அழுத்தும் சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டது.

"அவியதானுங்ண்ணா."

அவர் திரும்பி வந்து திரையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்க்கத் தேவையிருக்கவில்லை. படத்துக்குக் கீழே இருந்த கேள்விக்கு ஆமாம் என்று பதில் போயிருந்தது. அடுத்த கட்டத்தில் ஆஸ்பத்திரி அவன் பெயரைக் கேட்டது. வளர்மதி ஆங்கிலத்தில் மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகச் சென்னியப்பன் என்று அடித்தாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொன்னாள். இல்லை என்றார்.

போன் இன்னும் மேசைமேல்தான் இருந்தது. ரெஜினா வைக்காமல் காத்திருந்தாள். அவள் முதலில் சொன்னதை ஸ்பீக்கரிலும் அர்த்தநாரியால் சரியாகக் கேட்க முடியவில்லை, வளர்மதி தலையசைத்தாள். கொஞ்சம் பொறுத்து ரெஜினா, இப்போது இதைக் கேட்பதற்கு மன்னித்துவிடச் சொல்லிவிட்டுக் கேட்டாள்.

"நீங்க இன்னைக்குப் பார்த்தது உங்க கம்புக்காரிக்குத் தெரியாது அக்கா. வேற பெட்டியில திறந்துட்டீங்க, அவ உங்க லேப்டாப்புலயேதான் இருக்கா. நான் ஏத்திவிட்டாத்தான் அவளுக்குத் தெரியும். இல்லைன்னா அவ இப்ப இருக்கற மாதிரியேதான் இருப்பா. வர்ற லிங்க் எல்லாத்துலயும் போய் விழுந்துக்கிட்டே இருப்பா. ஏத்திடட்டுமா?"

வளர்மதி துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். மில்லுக்குப் போய்ச் சொல்ல வேண்டும், மாமியாருக்குச் சொல்ல வேண்டும், அவன் தம்பிக்குச் சொல்ல வேண்டும். யாரிடம் முதலில் என்று யோசிப்பவள் போல ஷட்டர்வரை போய் நின்றாள்.

"வேண்டாங் கண்ணு" என்றாள். "அவகிட்ட மட்டும் யாரும் சொல்லீராதீங்க."